மரண வரி ஒழிந்ததா?

1985-ஆம் வருடம் மார்ச் 16-ஆம் தேதி, அன்றைய மத்திய நிதி மந்திரி வி. பி. சிங் தமது வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியை ஒழித்தார். சட்டத்தில் அதன் பெயர் எஸ்டேட் டூட்டி. மக்கள் வாயில் அது மரண வரி. ஒருவர் இறந்து, அவர் விட்டுச் செல்லும் சொத்து குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்டால், வாரிசுகள் அதில் ஒரு பங்கை சர்க்காருக்குக் கட்ட வேண்டும் என்று 1953-இல் வந்த சட்டம் அது. ஏன் ஒழித்தார்கள்? வசூல் சொற்பம், வசூலிக்கும் செலவு அதிகம், செல்வ வரி, மரண வரி என்று ஒரே சொத்தின் மேல் இரண்டு சட்டங்கள் இருப்பதால் வாரிசுகளுக்கு வீண் அலைச்சல் என்று அன்று காரணம் சொல்லப்பட்டது. பிறகு 2015-இல் செல்வ வரியும் போயிற்று.

வாரிசுகளின் அலைச்சலைக் கண்டு சர்க்கார் மனம் இரங்கியது. நல்லது. ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். அந்த வரி நம்மவர் யாருக்காவது விதிக்கப்பட்டதுண்டா? சாலைக் கம்போளத்தில் மூட்டை சுமப்பவருக்கும், கட்டடத்தில் கலவை சுமக்கும் பெண்ணுக்கும், ரயில் நிலையத்தில் ஒப்பந்தக்காரரின் கீழ் துடைப்பம் பிடிப்பவருக்கும் மரண வரி என்றால் என்ன என்றே தெரியாது. அவர்கள் விட்டுச் செல்வது கொஞ்சம் பி.எஃப்., வங்கியில் சில ஆயிரம், ஓர் இன்சூரன்ஸ் பாலிசி, ஊரில் அப்பன் பெயரில் கிடக்கும் 3 சென்ட் மண். இதை வாங்க அவர்களுடைய மனைவி மக்கள் அலையும் அலைச்சலை எந்த மந்திரி எந்த வருடம் ஒழித்தார்?

நமது சங்க அலுவலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சகோதரி வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். கையில் ஒரு மஞ்சள் பை. பை நிறையக் காகிதம். அவருடைய கணவர் திருவனந்தபுரத்தில் 26 வருடம் கட்டட வேலை செய்தவர். கடைசி 11 வருடம் ஒரு கம்பெனியில் பி.எஃப். பிடித்தத்தோடு வேலை. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. உடலை ஊருக்குக் கொண்டு போய் அடக்கம் செய்து, பதினாறாம் நாள் காரியம் முடித்து, திரும்பி வந்த அந்த அம்மாளிடம் யாரோ சொன்னார்கள், வக்கீல் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று. கழுத்தில் கிடந்ததை அடகு வைத்து வக்கீலுக்கு 18,000 ரூபாய் கொடுத்தார். அசல் காகிதங்களையும் கொடுத்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆச்சு. போறப்ப எல்லாம் அடுத்த தவணைங்காங்க. எத்தனை தவணைன்னு கேட்டா, சர்க்கார் காரியம் அப்படித்தாங்காங்க" என்றார் அவர்.

நாம் விசாரித்தபோது தெரிந்தது, கோர்ட்டில் மனுவே போடப்படவில்லை. இல்லாத மனுவுக்கு ஏது தவணை? அந்த இடைவெளியில் அவருடைய மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. பணம் கட்டும் நாள் வந்தது, போயிற்று. இன்று அந்தப் பெண் சாலையில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறாள். அப்பாவின் பணம் இப்போது வந்துவிட்டது. அந்த இடம் வராது.

நண்பர்களே, இதைத்தான் நாம் மரண வரி என்கிறோம். பணக்காரர் வாரிசு கட்டிய வரி 1985-இல் முடிந்தது. ஏழை வாரிசு கட்டும் வரிக்கு ரசீது கிடையாது. அது நாளாகவும் வட்டியாகவும் பஸ் கூலியாகவும் போன வேலையாகவும் வசூலாகிறது. பல வீடுகளில் அது குழந்தையின் படிப்பாகவும் வசூலாகிறது.

கோப்பு ஏன் தூங்குகிறது?

இதை எழுதுபவன் ஒரு குமாஸ்தா. பகலெல்லாம் கோப்புகளுக்கு நடுவில் இருப்பவன். ஆகவே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோப்பு தூங்குவதற்கு எப்போதும் லஞ்சம் மட்டும் காரணமல்ல. ஒரு காகிதம் குறைந்திருக்கும். என்ன குறைகிறது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். வாயால் சொல்வார்கள். இன்று ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று. இரண்டாவது காரணம் பயம். இன்றைக்கு இந்த அம்மாளுக்குப் பணம் கொடுத்து, நாளைக்கு இன்னொரு மனைவியோ, இறந்தவரின் தாயாரோ வந்து நின்றால் கையெழுத்துப் போட்ட குமாஸ்தாதான் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடாதவனை யாரும் கேட்பதில்லை. மூன்றாவது காரணம், கேட்க ஆளில்லாமை. தேதி போட்டு எழுதிக் கேட்பவரின் கோப்பு மேலே வரும். கும்பிட்டுவிட்டுப் போகிறவரின் கோப்பு அடியில் போகும்.

ரயில்வேயில் நிரந்தர ஊழியர் ஒருவர் இறந்தால் வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக்கே போவார். படிவங்களை நிரப்பி, கையெழுத்து வாங்கி, என்ன குறைகிறது என்று சொல்லி, அலுவலகத்துக்குக் கொண்டு வருவார். அங்கும் தாமதம் உண்டு. ஆனால் குடும்பத்துக்கு ஒரு ஆள் இருக்கிறார். அதே தண்டவாளத்தில் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்து சாகிறவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? 2024 நவம்பர் 2-ஆம் தேதி ஷொரனூருக்கு அருகே பாரதப்புழைப் பாலத்தில் குப்பை அகற்றிக் கொண்டிருந்த தமிழ்நாட்டு ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர் நால்வர், திருவனந்தபுரம் நோக்கி வந்த கேரளா எக்ஸ்பிரஸ் மோதி மாண்டார்கள். இறந்தது கேரளத்தில். வாரிசுகள் இருப்பது தமிழ்நாட்டில். அப்படிப்பட்ட சாவில் அழுது முடிக்கும் முன்பே இரண்டு மாநிலத்துக் காகிதம் தேடும் வேலை தொடங்கி விடுகிறது.

எல்லைக் கோடும் பெயர்க் கோளாறும்

1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்று கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சேர்ந்தது நியாயம். அதற்காக நம்மவர் போராடியது சரித்திரம். ஆனால் வீடு இங்கும் நிலம் அங்கும் உள்ள குடும்பங்களுக்கு, ஒரே அப்பன் சொத்துக்கு இரண்டு பதிவேடு ஆயிற்று. அங்கே பட்டா மாறுதல். இங்கே போக்குவரவு, தண்டப்பேர், வில்லேஜ் ஆபீஸில் கரம். கேரளத்தில் வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தாரிடம் மனுக் கொடுத்தால், வில்லேஜ் ஆபீசர் விசாரித்து, கெசட்டில் விளம்பரம் செய்து, ஆட்சேபணைக்கு ஒரு மாதம் விட்டுத் தருகிறார்கள். தமிழ்நாட்டில் முறை வேறு. அங்கே வாங்கியதை இங்கே காட்டினால் இங்குள்ளதைக் கொண்டு வா என்கிறார்கள். இங்குள்ளதைக் கேட்டால், ரேஷன் கார்டு அங்கேதானே என்கிறார்கள்.

இதோடு பெயர்க் கோளாறு. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். மெடிக்கல் காலேஜில் இறந்தவருக்குத் திருவனந்தபுரம் மாநகராட்சியில்தான் இறப்புச் சான்றிதழ், உடலை எங்கே எரித்தாலும். நம்முடைய மாடசாமி இங்கே மாடஸ்வாமி ஆகிறார். நமக்கு அப்பாவின் முதலெழுத்து. இங்கே படிவத்தில் வீட்டுப்பேர் கேட்பார்கள். கொல்லத்தாவது சந்து என்று யாரோ ஒருவர் எழுதி விடுகிறார். ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் ஒரு பெயர், சான்றிதழில் மூன்றாவது பெயர். செத்தது ஒருவர். காகிதத்தில் மூன்று பேர். இந்த ஒரு கோளாறுக்கே ஆறு மாதம் போகிறது. இருவரும் ஒருவரே என்று வில்லேஜ் ஆபீசர் தரும் சான்றிதழ் இதற்கு மருந்து. ஆனால் முதல் மருந்து, இறப்பைப் பதியும் அன்றே ஆதாரைக் காட்டி எழுத்துக்கு எழுத்துச் சரிபார்ப்பது. துக்க வீட்டில் பந்தலுக்கும் பூமாலைக்கும் ஆள் போகிறோம். எழுத்துத் தெரிந்த ஒருவர் ஆஸ்பத்திரிப் பதிவுக்கும் போக வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் பதிவு நடக்காது.

எதற்கு எந்தக் காகிதம்?

நம் மக்களின் பணம் பாதி வீணாவது, தேவையில்லாத காகிதத்துக்குத் தேவையில்லாத இடத்தில் காத்திருப்பதால். ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலில் வங்கி. நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாளமும் போதும். கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. நாமினி இல்லாவிட்டாலும், 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வணிக வங்கியில் 15 லட்சம் ரூபாய் வரையும் கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரையும், வாரிசுகளுக்குள் தகராறு இல்லாவிட்டால் எளிய முறையில் பணம் தர வேண்டும். எல்லாக் காகிதமும் கிடைத்த 15 நாளுக்குள் தர வேண்டும். வங்கியின் குற்றத்தால் தாமதமானால் வட்டி போட்டுத் தர வேண்டும். இந்த முறையை 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அந்த உத்தரவு கெடு விதித்தது. மஞ்சள் பைச் சகோதரியின் கணவர் வங்கியில் வைத்திருந்தது 1,12,000 ரூபாய். அதற்குக் கோர்ட்டே தேவைப்படவில்லை. மனு எழுதிக் கொடுத்தோம். பணம் வந்தது.

அடுத்தது பி.எஃப். இதற்கு மூன்று படிவம். சேர்ந்த பணத்துக்கு 20. குடும்பப் பென்ஷனுக்கு 10-டி. இன்சூரன்ஸ் தொகைக்கு 5-ஐ.எஃப். பலர் முதல் படிவத்தோடு நின்று விடுகிறார்கள். வேலையில் இருக்கும்போது இறந்தவர் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு என்று 2021-இல் வரம்பு உயர்த்தப்பட்டது. விதவைக்குப் பென்ஷன். 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் தனியே பென்ஷன். கல்யாணத்துக்கு முன்பு அம்மாவின் பெயரை எழுதிய நாமினேஷன், கல்யாணமானதும் செல்லாது. அதற்காகக் கோர்ட்டுக்கு ஓட வேண்டாம். செல்லுபடியான நாமினேஷன் இல்லாதபோது பணம் குடும்பத்துக்கு எப்படிப் பிரியும் என்று 1952-ஆம் வருடத் திட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். குறையில்லாத மனுவை 20 நாளுக்குள் தீர்க்க வேண்டும், காரணமில்லாமல் தாமதித்தால் 12 சதவீத வட்டி, அதுவும் கமிஷனர் சம்பளத்தில் பிடித்தம் என்றும் அதே திட்டம் சொல்கிறது. இதை மனுவின் கடைசி வரியில் மரியாதையாக எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது நிலம். கோர்ட்டு தரும் சக்சஷன் சர்டிபிகேட் வங்கிப் பணம், பங்குப் பத்திரம், வர வேண்டிய கடன் ஆகியவற்றுக்கு மட்டும். நிலத்துக்கு அது பயன்படாது. நிலத்துக்கு என்று சொல்லி அதற்குப் பீஸ் வாங்கினால் ஏமாறாதீர்கள். உயில் இல்லாமல் இறந்தவரின் நிலத்தில், அவர் கண் மூடிய நிமிடமே வாரிசுகளுக்கு உரிமை வந்து விடுகிறது. போக்குவரவும் பட்டா மாறுதலும் கரம் கட்டுவதற்கான பதிவு மாத்திரம். ஆனால் அதைச் செய்யாமல் விட்டால் கடன் வாங்க முடியாது, விற்க முடியாது, பேரன் காலத்தில் வாரிசு 30 பேராகி விடும். தொகை பெரிதாகவோ தகராறாகவோ இருந்து சக்சஷன் சர்டிபிகேட் வாங்கியே தீர வேண்டுமென்றால், இறந்தவர் வழக்கமாகக் குடியிருந்த ஊரின் கோர்ட்டில் போட வேண்டும். ஓரிடத்தில் வாங்கினால் இந்தியா முழுவதும் செல்லும். இரண்டு மாநிலத்தில் இரண்டு வேண்டாம்.

நான்காவது வருமான வரி. வாரிசாக வந்த பணம் வாங்கியவரின் வருமானம் ஆகாது. அதற்கு வரி இல்லை. இறந்தவர் மேஸ்திரியாகவோ சிறு ஒப்பந்தக்காரராகவோ இருந்து வரி பாக்கி இருந்தால், அவர் இறந்த நாள் வரைக்குமான கணக்கை வாரிசு கொடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பாக்கி, அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவோடு நிற்கும். உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொடாது. 1961 சட்டத்தின் 159-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2025-இல் இயற்றிய புதிய சட்டத்திலும் வாரிசுக்கான விதிகள் உண்டு. நோட்டீஸைக் கண்டு பயந்து அடுப்பில் போடாதீர்கள். சில சமயம் நிலைமை நேர்மாறாக இருக்கும். ஒப்பந்தக்காரர் பில்லில் பிடித்த வரி திரும்பி வர வேண்டியிருக்கும். கேட்காததால் அது அங்கேயே கிடக்கும்.

வக்கீலோடு எப்படி?

வக்கீல்கள் எல்லாரும் மோசம் என்று நாம் சொல்லவில்லை. காசு வாங்காமல் நமக்காக நின்ற வக்கீல்களை இந்தச் சங்கம் மறக்காது. கோர்ட்டுகளில் வழக்கு தேங்கிக் கிடப்பதற்கு அவர்கள் மட்டும் பொறுப்பல்ல. ஆனால் வாதிக்கு உள்ள உரிமையை வாதி தெரிந்து கொள்ள வேண்டும்.

கிடைக்கும் பணத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று பீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. வழக்கு எண் என்ன என்று கேளுங்கள். எண் இருந்தால் கோர்ட்டின் இணையதளத்தில் உங்கள் பிள்ளையே தவணையைப் பார்த்துச் சொல்லி விடுவான். எண் இல்லையென்றால் மனு இல்லை. பீஸ் பாக்கி என்று சொல்லி உங்கள் காகிதத்தைப் பிடித்து வைக்க எந்த வக்கீலுக்கும் உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2000-ஆம் வருடம் தீர்ப்பளித்திருக்கிறது. நாம் அந்தச் சகோதரியின் கையெழுத்தில் நான்கு வரி எழுதி, இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். ஒரு வாரத்தில் காகிதம் முழுவதும் திரும்பி வந்தது. 18,000 ரூபாய் திரும்பவில்லை. வக்கீல் சேவையில் குறை என்று நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 மே மாதம் சொல்லிவிட்டது. பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்று. 1987-ஆம் வருட இலவச சட்ட உதவிச் சட்டத்தில், பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், தொழிற்சாலைத் தொழிலாளர், பேரிடரில் பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் வக்கீல் உதவி உண்டு. வஞ்சியூர் கோர்ட்டு வளாகத்தில் அதற்கான அலுவலகம் இருக்கிறது. அந்த விதவைச் சகோதரி அங்கே போயிருந்தால் சங்கிலி அடகுக்குப் போயிருக்காது. அவருக்குச் சொல்ல யாருமில்லை. அது நம்முடைய குற்றமும்தான்.

வீட்டுக்குள் இருக்கும் தாமதம்

சர்க்காரை மட்டும் ஏசி இந்தத் தலையங்கத்தை முடித்தால் அது பாதி உண்மை. மீதி நம் வீட்டுக்குள் இருக்கிறது. நாமினி என்றால் முழுச் சொந்தக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். இன்சூரன்ஸ் நாமினி பணத்தை வாங்கும் ஆள் மட்டுமே, அது வாரிசுகள் எல்லாருக்கும் சேர்ந்தது என்று 1983-இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. பெற்றோர், மனைவி, கணவன், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் 2015-க்குப் பிறகு இன்சூரன்ஸ் சட்டம் அவர்களுக்குத் தனி உரிமை தருகிறது. வங்கிப் பணத்தில் பழைய நியாயமே. இந்துவாக இருந்தால் உயில் இல்லாத சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் சமபங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் பங்கு போகாது. இதை ஒப்புக் கொள்ளாமல், தங்கச்சியைக் கூப்பிட்டு ஒழிமுறி எழுதித் தா என்று அண்ணன் நெருக்குகிறான். அவள் அழுது கொண்டு கையெழுத்துப் போட மறுக்கிறாள். பத்து வருடம் போகிறது. இதற்கு எந்தத் தாசில்தார் பொறுப்பு?

இந்த மண்ணில் ஒரு பெண் இதை எதிர்த்து நின்ற கதை உண்டு. 1916-ஆம் வருடத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், உயில் இல்லாமல் அப்பன் இறந்தால், மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்றது. கோட்டயத்து ஆசிரியை மேரி ராய் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது, மகனுக்கும் மகளுக்கும் சமம் என்று 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நம் கிறிஸ்தவச் சகோதரிகளுக்கும் அந்தத் தீர்ப்பால் உரிமை வந்தது. வந்த உரிமையை வீட்டுக்குள் பேசி ஒப்புக் கொண்டால் காகிதம் ஒரு மாதத்தில் நகரும். மறைத்தால் ஆயுள் போகும்.

கேட்டால் கிடைக்கும்

சட்டம் மாறாது, முறை மாறாது என்பவர்களுக்கு ஒரு பதில். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓக்கிப் புயல் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளின் மீனவர்களைக் கடலில் வாரிக் கொண்டு போயிற்று. பலர் உடல் கிடைக்கவில்லை. காணாமற்போனவரை இறந்தவராகக் கருத வழக்கமாக 7 வருடம் காத்திருக்க வேண்டும். கரையோர மக்கள் வீதிக்கு வந்தார்கள். 7 வருடம் என்று பிடிவாதம் பிடிக்காமல், காணாமற்போனவரின் குடும்பத்துக்கும் இறந்தவர் குடும்பத்துக்குச் சமமாக உதவி தர சர்க்கார் முன்வந்தது. 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டு மலைச்சரிவில் காணாமற்போனவர்களையும் அடுத்த ஜனவரியிலேயே இறந்தவர்களாக அறிவித்தார்கள். ஆக, மனம் இருந்தால் 7 வருடத்தை மாதக்கணக்காக ஆக்கலாம். கூட்டமாகச் செத்தால் கண் திறக்கும் சர்க்கார், தனித்தனியாகச் சாகும் தொழிலாளிக்கும் கண் திறக்க வேண்டும்.

நாம் கேட்பது நான்கு. ஒன்று, தமிழ்நாட்டுத் தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழைக் கேரளமும், கேரளத்ததைத் தமிழ்நாடும் மறுபேச்சில்லாமல் ஏற்க இரு சர்க்கார்களும் உத்தரவிட வேண்டும். இரண்டு, எந்த அலுவலகமும் குறையுள்ள காகிதங்களை ஒரே தடவையில், எழுத்தில், தேதியோடு சொல்ல வேண்டும். மூன்று, திருவனந்தபுரத்து வில்லேஜ், தாலுகா அலுவலகங்களில் வாரிசுப் படிவம் தமிழிலும் கிடைக்க வேண்டும். குறையை எந்த மொழியிலும் எழுதிக் கொடுக்க அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது. தலைமைச் செயலகத்துக்குத் தமிழில் எழுதலாம் என்று 1969-ஆம் வருடக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. நான்கு, ஒப்பந்தத் தொழிலாளி இறந்தால் அவர் குடும்பத்தின் காகிதங்களை முடித்துத் தருவது வேலை கொடுத்த நிறுவனத்தின் கடமை என்று ஆக வேண்டும்.

கேட்டது வரும் வரை கையைக் கட்டிக் கொண்டிருக்கப் போவதில்லை. நிரந்தர ஊழியருக்கு வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் இருப்பது போல, நம்மவருக்கு இந்தச் சங்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு காலனியிலும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், வாரிசுக் காரியங்களுக்கென்று பொறுப்பேற்கட்டும். ஞாயிறு காலையில் அலுவலகம் திறந்திருக்கும். மனு எழுதுவோம், நகல் வைப்போம், தேதி குறிப்போம். 30 நாளில் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். கோப்பு யார் மேசையில், எந்தத் தேதி முதல் இருக்கிறது என்று அதில் எழுதித் தந்தாக வேண்டும்.

அதற்கு முன்பு, இந்த இதழைப் படித்து முடித்த இரவே உங்கள் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். எந்த வங்கி, எந்தக் கணக்கு, பி.எஃப். எண் என்ன, பாலிசி எங்கே, நாமினி யார், அவர் உயிரோடு இருக்கிறாரா, ஊர் நிலத்தின் சர்வே எண் என்ன, யாருக்கு என்ன கடன் என்று எழுதுங்கள். பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதியதை மனைவியிடமும் பெரிய பிள்ளையிடமும் படித்துக் காட்டுங்கள். அபசகுனம் என்று சொல்லாதீர்கள். 2024 மார்ச் முடிவில் யாரும் கேட்டு வராமல் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்ச் சேர்ந்திருந்த வங்கிப் பணம் 78,213 கோடி ரூபாய். அதில், அபசகுனம் என்று பேசாமலே போனவர்களின் கணக்கும் உண்டு. அப்படிப்பட்ட கணக்கைத் தேட உத்கம் என்று ஓர் இணையதளம் இருக்கிறது. போன பணத்தையும் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

ஜவுளிக் கடையில் நிற்கும் அந்தப் பெண் அடுத்த வருடம் மறுபடியும் நர்சிங்குக்கு மனுப் போடப் போகிறாள். அப்பாவின் பணம் இப்போது அம்மாவின் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கில் நாமினி யார் என்று கேட்டோம். "எம் மவதான் அண்ணாச்சி, மொத நாளே எழுதிட்டேன்" என்றார் அந்த அம்மாள்.